சுலக்சனுக்குச் சங்கிலி போட்டவர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள ஒரு தமிழ்க் கடை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற இருவரில் ஒருவர் மற்றவரிடம், "ஒரு சங்கிலி போட்டதாலை பெடியன்ரை விளையாட்டுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல நின்று காதைக் கொடுத்தேன்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கதை எங்கே கிடைத்தது என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு இடம் வேண்டும் என்பதால் அந்தக் கடையைத் திறந்தேன். இனி மூடிவிடலாம்.

உண்மையில் இது கிடைத்தது ஒரு கல்யாண வீடியோக் கசெற்றில். என் மருமகளின் தம்பியின் கல்யாணம். ஐயர் மந்திரம் சொல்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒருவர் எழும்பி வந்து கமராவுக்கு முன்னால் நிற்கிறார். தடித்த குளிர்க்கோட்டுப் போட்ட ஒரு முதுகு. முடிச்சுகள் எல்லாம் அந்த முதுகுக்கு அப்பால் விழுந்து முடிந்ததும் விலகிப் போகிறார். அவர் யார் என்று விசாரித்தேன். பெண் வீட்டார், அது மாப்பிள்ளை பக்கத்து ஆள் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார், அது பெண் பக்கம் என்றார்கள். உங்கள் வீட்டுக் கசெற்றிலும் அவர் இருப்பார். எடுத்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாகிவிட்டதென்றால் விதியைச் சொல்கிறேன். விதி தெரியாமல் இந்தக் கதையில் பயப்பட முடியாது.

கூடைப்பந்தைத் தொழிலாக விளையாட நினைக்கும் பையனுக்கு அந்த நாட்களில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே தொழில்முறை லீக்குக்குத் தன் பெயரைக் கொடுப்பது. வயதும் படிப்பும் சரியென்றால் யாரும் கொடுக்கலாம். கொடுத்த பெயரை அங்கே ஒருவர் தெரிந்தெடுக்க வேண்டும், அதுதான் கரைச்சல். மற்றது, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கே இரண்டு மூன்று வருடம் விளையாடி, எலும்பின்மேல் கொஞ்சம் சதையும் வைத்துக்கொண்டு பிறகு போவது. இந்த இரண்டாவது வாசலில் நிற்பவன் அதுவரை விளையாட்டுக்காக எதையும் வாங்கியிருக்கக் கூடாது. காசு மட்டுமல்ல, காசு பெறுமதியான எதையும். வாங்கினால் அவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிட்டான் என்று கணக்கு. எந்த அணியும் அவனைக் கூப்பிட்டிராது, சம்பளம் என்று ஒன்று வந்திராது, ஆனாலும் அவன் தொழில்முறை. செத்தது தெரியாமல் வீட்டைச் சுற்றி வருகிறவர்களைப் போல அவன் மைதானத்தைச் சுற்றி வருவான். பந்து மட்டும் அவனுக்கு வராது.

இந்த விதியை எழுதியவர்களுக்கு எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாது. ஒருவரைப் பாராட்டுவதென்றால் நாங்கள் முதலில் அவருடைய கழுத்தைத்தான் தேடுவோம்.

2

முதல் தொடக்கம்: "ஆறடி எட்டங்குல உயரமான சுலக்சன் பிறந்தபோது" — வேண்டாம். பிறந்தபோது எல்லாரும் ஒரே உயரம்தான்.

இரண்டாவது தொடக்கம்: "தொண்ணூற்றாறாம் ஆண்டு, ரொறன்ரோவில் பனி இன்னும்" — வேண்டாம். பனியில் தொடங்காத கனடாக் கதை ஒன்றை எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருக்கிறேன்.

மாமாங்கத்தில் தொடங்கலாம். அவர் மட்டக்களப்புக்காரர். கிழமை நாட்களில் பாண் பேக்கரியில் வேலை, சனி ஞாயிறில் வீடியோ. கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று தோளில் கமராவோடு போய்வருவார். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடி அப்பாட்மென்றில் இரண்டு வீடியோ டெக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்து வெட்டி ஒட்டுவார். மனைவி தங்கேஸ்வரிக்கு ரீவி என்றால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் என்றுதான் அர்த்தம்.

அதே கட்டடத்தில், கீழே, புனிதவதியும் மகன் சுலக்சனும் இருந்தார்கள். எலிவேற்றரில் சுலக்சன் ஏறினால் மற்றவர்கள் தாங்கள் ஒரு பள்ளத்துக்குள் நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். செத்தல் மிளகாய் வறுத்துப் புகைமணி அலறினால் கட்டடத்தில் யாரும் கதிரை தேடுவதில்லை, சுலக்சனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து நிலத்தில் நின்றபடியே மணியின் வாயைப் பொத்துவான். ரொறன்ரோவுக்கென்று சொந்தமாக ஒரு தொழில்முறை அணி வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. கட்டடத்தில் நண்டு சிண்டெல்லாம் அந்த அணியின் டைனோசர் சட்டை போட்டுத் திரிந்தன. சுலக்சன் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்தான். அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவனுக்குப் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தது. அங்கே போய் விளையாடி, பிறகு அந்த டைனோசர் சட்டைக்குள் ஏறுவது என்பது அவனுடைய எண்ணம். புனிதவதிக்கும் அதுதான் எண்ணம். ஆனால் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பழைய மாணவர் சங்கம் சும்மா இருக்குமா? எந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எதிர்ப் பள்ளிக்காரர் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.*

* அடிக்குறிப்பு: சங்கத்துக்கும் ஒரு தகுதி விதி உண்டு. அங்கத்தவர் அந்தப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். படிக்காவிட்டால் தகப்பன் படித்திருக்க வேண்டும். தகப்பனும் படிக்காவிட்டால் பள்ளி மதிலை ஒட்டிய வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும். சுலக்சன் ஊரைவிட்டு வந்தது தவழும் வயதில். ஆனால் தகப்பன் அங்கே கொஞ்சம் படித்தவர். அது போதும், அவன் பழைய மாணவன்.

சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாமாங்கம் பின்பக்கத்தில் கமராவை முக்காலியில் ஏற்றிவைத்து நின்றார். தலைவர் சச்சிதானந்தன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பெயரை அமெரிக்கா வரைக்கும் கொண்டு போகப்போற எங்கடை பிள்ளைக்குச் சங்கம் ஒரு தங்கச் சங்கிலி அணிவிச்சுக் கௌரவிக்குது. சங்கிலியை அணிவிக்க வருமாறு [யார்? பிறகு எழுத வேண்டும்] அவர்களை அன்போடை அழைக்கிறன்."

அழைக்கப்பட்டவர் எழும்பி மேடைக்குப் போனார். சுலக்சனின் கழுத்தில் ஏற்கெனவே பெரிய பூமாலை ஒன்று கிடந்தது.

2அ

சுலக்சன் குனிந்தான். அவ்வளவு உயரம் குனிந்து முடியக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சங்கிலி மாலைக்குள்ளே போய்த் தோலில் பட்டது. குளிர்ந்தது.

2ஆ

சுலக்சன் பின்னுக்குப் போய்க் கும்பிட்டான். "எனக்கு ஒண்டும் தரக்கூடாது எண்டு கோச் சொன்னவர்" என்று மெல்லச் சொன்னான். சபைக்குக் கேட்கவில்லை. பணிவு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

இரண்டில் எது கதைக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. [ஒன்றை வெட்ட வேண்டும்.] அப்படியே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

3

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் புனிதவதி மகனையும் கூட்டிக்கொண்டு மாமாங்கத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணை, அண்டைக்கு எடுத்த கசெற் இன்னும் வெட்டி ஒட்டேல்லைத்தானே?"

"இல்ல தங்கச்சி. பாட்டுப் போடணும். மாலை போடக்குள்ள மேல இருந்து பூ விழுறமாதிரி ஒண்டு செய்யணும்."

"பூவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அப்பிடியே தாங்கோ."

விசயம் இதுதான். ஓசியில் கிடைக்கும் தமிழ்ப் பேப்பர் ஒன்றில், கூடைப்பந்து வீரர் சுலக்சனுக்குத் தங்கச் சங்கிலி அணிவித்துக் கௌரவம் என்று படமில்லாமல் ஒரு செய்தி வந்தது. யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தன் பெயர் போடாமல், அந்தக் கல்லூரிக்குப் பக்ஸ் மெசினில் அனுப்பியிருந்தார். மொட்டைக் கடிதம் எழுதுகிற கை எந்தக் குளிரிலும் விறைப்பதில்லை. கல்லூரியில் விதிகளைப் பார்க்கும் அலுவலர் வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பையனோடும் வீடியோ எடுத்தவரோடும் பேச வேண்டுமாம். கசெற்றும் வேண்டுமாம்.

"வாங்கினதெண்டா?" என்று மாமாங்கம் கேட்டார்.

"வாங்கினதெண்டா அவையளின்ரை கணக்கிலை இவன் புரொபெஷனலாம். கல்லூரியிலை விளையாட ஏலாது. லீக்குக்காரர் இவனை இப்ப எடுக்கவும் மாட்டினம். அங்கையும் இல்லை, இங்கையும் இல்லை."

"சங்கிலி எங்க இப்ப?"

"அதுதான் அண்ணை விளங்கேல்லை. எங்கடை வீட்டிலை இல்லை. சச்சி அண்ணையைக் கேட்டா, அதைப் பிள்ளைக்குப் போட்டாச்சு, என்னட்டை இல்லை எண்டுறார்."

மாமாங்கம் சுலக்சனை அண்ணாந்து பார்த்தார். "மனே, நீ சொல்லு. போட்டாங்களா, இல்லையா?"

சுலக்சன் சோபாவில் முழங்கால் முகத்தில் முட்ட இருந்தான்.

"ரெண்டும் ஞாபகம் இருக்கு, அங்கிள்."

"என்ன ரெண்டு?"

"குனிஞ்சது ஞாபகம் இருக்கு. செயின் பட்ட இடம் சில்லெண்டு நல்ல கோல்டா இருந்தது. பின்னுக்குப் போனதும் ஞாபகம் இருக்கு. ரெண்டும் சேம் ரைம். ஐ நோ, கிரேஸியாத்தான் இருக்கு."

"ஹியரிங்கிலை போய் உப்பிடிச் சொன்னியெண்டா ஒருத்தன்ரை கேசும் பாஸாகாது" என்றாள் புனிதவதி. அகதி விசாரணைக்குத் தன்னையும் பிறகு தன் தம்பியையும் ஆயத்தம் செய்தவள் அவள். "கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி. வாங்கேல்லை. முடிஞ்சுது."

"தெரியாம எப்பிடி அம்மா சொல்லுறது? சைன் வைக்கச் சொல்லுவினம். நான் வாங்கியிருந்தா அது லை, பச்சைப் பொய். வாங்கேல்லை எண்டா, வாங்கினன் எண்டு சொல்லுறது அதைவிட லூஸ் வேலை. எனக்குத் தெரிய வேணும், தற்ஸ் ஓல்."

இந்த இடத்தில் பேனையை வைத்தேன். நான் வெட்டாமல் விட்ட இரண்டும் பையனின் தலைக்குள் போயிருந்தன. உடனே தாளில் மேலே போய் 2அ-வுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கீழே வந்து பார்த்தால் அவன் இன்னும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கோட்டை அழித்து 2ஆ-வுக்குப் போட்டேன். அவனுடைய கைகள் கும்பிடுவதுபோலச் சேர்ந்தன.

கதையில் வெட்டலாம். வாசித்தவர்களிடமிருந்து வெட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

4

சச்சிதானந்தனையும் கூப்பிட்டார்கள். கழுத்துப்பட்டியோடு வந்தார். தங்கேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வெளியே வெயில் அடித்தது. மாமாங்கம் கசெற்றைப் போட்டார்.

மண்டபம். மேடை. சச்சிதானந்தன் ஒலிவாங்கியில் பேசுகிறார். "சங்கிலியை அணிவிக்க வருமாறு" என்ற இடம் வந்ததும் அவருடைய வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கரகரப்புக்கூட இல்லை. பிறகு, "அவர்களை அன்போடை அழைக்கிறன்." ஒரு குளிர்க்கோட்டு இருக்கைகளின் நடுவால் போகிறது. மேடை ஏறுகிறது. சுலக்சனுக்கு முன்னால் போய் நிற்கிறது. முதுகு மட்டும். சுலக்சனைப் போன்ற ஒருவனையே முழுதாக மறைக்கும் முதுகு. சபை கை தட்டுகிறது. முதுகு விலகுகிறது. சுலக்சன் பூமாலையோடு நிற்கிறான். மாலைக்குள் சங்கிலி இருக்கிறதா என்று தெரியவில்லை.

"அண்ணை, ஆரைக் கூப்பிட்டனீங்கள்?" புனிதவதி கேட்டாள்.

"அதுதானே யோசிக்கிறன்" என்றார் சச்சிதானந்தன். "உதுக்கு முதல் என்ன சொன்னனான் எண்டு ஞாபகம் இருக்கு, உதுக்குப் பிறகும் ஞாபகம் இருக்கு. அந்த இடத்திலை ஒண்டும் இல்லை. பல்லுப் பிடுங்கின இடம்மாதிரி."

"சங்கிலியை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"அவரிட்டைத்தான்." விரலால் முதுகைக் காட்டினார்.

"அவர் ஆர்?"

"அவர்தான்."

பல்லு என்றதும் எனக்கு யோசனை வந்தது. தலைவரின் பேச்சில் நான் விட்ட அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. மார்க்கம் நகரத்துப் பல் டொக்ரர் இராஜரட்ணம் என்று எழுதினேன். மாமாங்கம் கசெற்றைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். முதல் வரிசையில் டொக்ரர் இராஜரட்ணம் உட்கார்ந்து மீன் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல்தரம் போட்டபோது அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. மேடையில் முதுகு அப்படியே நின்றது.

யோகமலர் ரீச்சர் என்று மாற்றினேன். ரீச்சர் டொக்ரருக்குப் பின்னால் இருந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். முதுகு அசையவில்லை. நான் யாரைக் கூப்பிட்டாலும் சபையில் போய்க் குந்திவிடுகிறார்கள். மண்டபம் நிரம்பிக்கொண்டு வந்தது.

கடைசியில், வெட்கத்தை விட்டு, என் பெயரை எழுதினேன்.

"இஞ்சாருங்க" என்றாள் தங்கேஸ்வரி, ரீவியைக் கிட்டப் போய்ப் பார்த்து. "மூணாம் வரிசையில ஒரு கிழவன் இரிக்கார் பாருங்க. எல்லாம் தெரிஞ்ச ஆள்மாதிரி முகத்த வச்சிக்கிட்டு."

"ஆரு எண்டு தெரியல்ல" என்றார் மாமாங்கம். "ஓசிச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார்."

என் பெயரை அழித்தேன். அவ்விடத்தில் இப்போது மறுபடி அடைப்புக்குறிதான் இருக்கிறது.

5

மற்றவர்கள் போனபிறகு மாமாங்கம் அலுமாரியைத் திறந்தார். அவர் எடுத்த கசெற்றுகளின் கொப்பிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. அஜக்ஸில் ஒரு சாமத்தியச் சடங்கு. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற இடத்துக்கு ஓட்டினார். முதுகு. மார்க்கம் நகரில் ஒரு குழந்தைக்குச் சோறு தீத்துகிறார்கள். முதல் கவளம் வாய்க்குப் போகும் இடத்தில் முதுகு. ஒரு கல்யாணம், இன்னொரு கல்யாணம். தாலி ஏறும் இடத்தில் எல்லாம் அதே குளிர்க்கோட்டு. ஆடி மாதத்து வெக்கையில் நடந்த கல்யாணத்திலும் குளிர்க்கோட்டு.

அவருக்கு ஞாபகம் இருந்தது, ஒவ்வொரு தரமும் கமராவுக்குப் பின்னால் நின்று, "ஐயா, கொஞ்சம் விலகுங்க" என்று கத்தியது. ஒவ்வொரு தரமும் வேறு ஆள் என்றுதான் நினைத்திருந்தார்.

"நம்மட கலியாணப் படத்தப் பாருங்க" என்றாள் தங்கேஸ்வரி.

"அதுல என்ன? அப்ப வீடியோ ஏது?"

அவள் அல்பத்தை எடுத்து விரித்தாள். மட்டக்களப்பில், ஸ்ரூடியோக்காரர் வந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். தாலிப் படத்தில் மாமாங்கத்தின் ஒரு காதும் தங்கேஸ்வரியின் கொண்டையும் தெரிந்தன. நடுவில் முதுகு.

"இத்தனை வருசமா இது உங்கட பெரியப்பா எண்டு நினைச்சுத்தான் நான் அந்தாளோட கோவமா இரிந்த" என்றாள் அவள்.

மாமாங்கம் அல்பத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பயம் வந்தால் மனிதர்கள் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். என் கதைகளில் எல்லாரும் அப்படித்தான், எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. கிட்டப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்த ஆள் நேரே பார்க்கவில்லை. தலை கொஞ்சம் கீழே கவிழ்ந்திருந்தது. மடியிலோ கையிலோ உள்ள எதையோ பார்ப்பதுபோல.

[இதை நான் எழுதவில்லை. மாமாங்கம்தான் கண்டுபிடித்தார். நான் மேற்கொண்டு எழுதுகிறேன், அவ்வளவுதான்.]

6

வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஒரு முடிவு வேண்டும். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவு: மாமாங்கம் கசெற்றின்மேல் வானிலை அறிக்கையைப் பதிந்துவிடுகிறார். பையன் வாங்கவில்லை என்று கையெழுத்து வைக்கிறான். கல்லூரி நம்புகிறது. முதல் ஆட்டத்தில் சுலக்சன் பந்தை எறிகிறான். பந்து கூடைக்கு மேலே போகிறது. இறங்கவில்லை. ஆட்டம் முடிந்தது என்று சீழ்க்கை ஊதிவிட்டார்கள், விளக்கையும் அணைத்துவிட்டார்கள். பந்து இறங்கவில்லை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. புனிதவதிக்கு என்ன மறுமொழி சொல்வது என்று தெரியாததால் கைவிட்டேன்.

இன்னொரு முடிவு: சுலக்சன் தானே, வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறான். கல்லூரி நன்றி சொல்லிக் கதவைச் சாத்துகிறது. அவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போகிறான். உயரத்தில் உள்ள பெட்டிகளை எடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் பின்னால் உள்ள கூடையில் தனியே எறிந்துகொண்டிருப்பான். சில வேளை, காரணமில்லாமல், கழுத்தில் ஒரு குளிர் ஓடும். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுத விருப்பமில்லை.

மூன்றாவது: சுலக்சன் இரண்டு பேராகப் பிரிந்து, வாங்கியவன் இங்கேயும் வாங்காதவன் அங்கேயும் — இல்லை. புனிதவதி இருவருக்கும் சமைக்க வேண்டிவரும்.

7

வெள்ளிக்கிழமை பின்னேரம். யன்னலில் வெயில் சரிந்து கிடந்தது. எல்லாரும் மாமாங்கத்தின் வீட்டில் இருந்தார்கள். கசெற்றை முதுகு நிற்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார் மாமாங்கம். படம் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது, நிறுத்திய படங்கள் நடுங்குவதுபோல. புனிதவதி மகனின் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள். அதற்கு அவன் குனிந்து கொடுத்தான்.

"உனக்கு வாயிலை வருகுதில்லையெண்டா நான் சொல்லுறன்."

"அம்மா, அவர் என்னைத்தான் கேப்பார்."

"அப்ப வாங்கேல்லை எண்டு சொல்லு, அப்பு. ரெண்டிலை ஒண்டு உண்மைதானே. உனக்கு விருப்பமானதைச் சொல்லு."

"அது ட்ரூத் இல்லை. அது சூஸ் பண்ணுறது."

போன் அடித்தது. சுலக்சன் எடுத்தான். அலுவலர் மரியாதையான மனிதர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், சத்தத்தைக் கூட்டி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்கள்.

"மகனே, உன்னுடைய விளையாட்டைப் பார்த்திருக்கிறேன். நீ வர வேண்டும் என்பதுதான் என் விருப்பம். ஒரு கேள்விதான். அந்தச் சங்கிலியை நீ ஏற்றுக்கொண்டாயா?"

புனிதவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது, சேர்" என்றான் சுலக்சன். "பொய் சொல்ல விருப்பமில்லை. ரெண்டு விதமாகவும் ஞாபகம் இருக்குது."

அலுவலர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"அப்படியென்றால் சங்கிலியைப் போட்டவரோடு பேசுகிறேன்" என்றார். "கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். அவர் போட்டேன் என்றால் போட்டது. போடவில்லை என்றால் போடவில்லை. அவர் வாயால் சொல்வதை நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் அங்கே இருக்கிறாரா?"

தங்கேஸ்வரி ரீவிக்கு முன்னால் முழங்காலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச வாங்க எல்லாரும்" என்றாள். "கோட்டுக் கைக்குக் கீழ பாருங்க. மினுங்குது."

பார்த்தார்கள். குளிர்க்கோட்டின் முழங்கைக்குக் கீழே, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், நூல் போல ஒன்று மினுங்கித் தொங்கியது.

"சங்கிலி இன்னும் அவர்ர கையிலதான் இரிக்கு" என்றாள். "ஒருத்தர் வீட்டையும் இல்லாததுக்கு இதான் காரணம். அவர் இன்னும் போடவும் இல்ல, போடாம விடவும் இல்ல."

"ஸ்ரொப் பண்ணித்தானே கிடக்கு?" என்று சச்சிதானந்தன் மெல்லக் கேட்டார். "பிறகேன் அவரின்ரை தலை ஆடுது?"

தலை ஆடிக்கொண்டிருந்தது. படத்தின் நடுக்கம் இல்லை அது. கவிழ்ந்த தலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மிகக் கொஞ்சமாகத் திரும்பும். பிறகு சட்டென்று இடப்பக்கம் வரும். ஒரு வரியளவு கீழே இறங்கும். மறுபடி இடத்திலிருந்து வலத்துக்கு. இப்போதும் அப்படித்தான்.

மாமாங்கத்துக்கு விளங்கியது. அவர் அதிகம் படிக்காதவர். ஆனால் ஒரு மனிதர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைப் பின்னால் நின்று பார்த்துப் பழகியவர். அல்பத்தில் தலை ஏன் கவிழ்ந்திருந்தது என்பதும், நான் கூப்பிட்டவர்கள் எல்லாரும், நான் உட்பட, ஏன் சபையில் போய் இருந்தோம் என்பதும் அவருக்கு அப்போது பிடிபட்டது. மண்டபத்துக்குள் வராமல் மிச்சமாக இருந்தது ஒரே ஒரு ஆள்.

தன்னுடைய முதுகு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நேரம் உங்களுக்கு அடையாளம் பிடிபடவில்லை. குறை சொல்லவில்லை. எனக்கும் என்னுடையது தெரியாது.

நான் இதற்குமேல் எழுதப் போவதில்லை. எழுதினால் பையன் குனிந்தான் என்றோ பின்னுக்குப் போனான் என்றோ எழுத வேண்டிவரும். அந்தச் சங்கிலி என் கையில் இல்லை.

மாமாங்கம் சுலக்சனிடமிருந்து போனை வாங்கினார். சுருள் வயரை இழுக்கக்கூடிய மட்டும் இழுத்து, ரீவியின் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஐயா என்பதா அம்மா என்பதா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அதை விட்டுவிட்டு, றிசீவரை அந்த முதுகுக்குப் பக்கத்தில், காது இருக்கும் உயரத்தில் பிடித்தார்.

"உங்களுக்குத்தான் போன்" என்றார். "பொடியன் காத்துக்கிட்டு நிக்கான்."